பூதக்கண்ணாடி பாராட்டிய பெட்டி

அவளுக்கு அந்த வீட்டில் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர் அத்தான், அக்காவைக் கட்டிக்கொண்ட கொஞ்ச நாளிலேயே வைத்துவிட்டார். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. புதிதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் மற்றவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் கவிழ்த்துப் போட்டு அடிவயிற்றைப் பார்ப்பாள். நாற்காலியென்றால் கால் பொருத்திய இடம், குக்கரென்றால் கைப்பிடித் திருகு, இஸ்திரிப் பெட்டியென்றால் ஒயர் உள்ளே நுழையும் கழுத்து. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம், தாங்காது" என்பாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. தாங்காது என்று அவள் தீர்ப்புச் சொன்ன குக்கர் வருஷக்கணக்காக விசிலடித்துக்கொண்டிருக்கிறது. விசில் வரும்போதெல்லாம் அக்கா இவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சொன்னபடியே ஒயர் கருகிப்போன இஸ்திரிப் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. நியாயமா என்றால் இல்லைதான். வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

வேலையும் குணத்துக்கேற்ற வேலையாகவே அமைந்திருந்தது. வண்டிகளில் பொருத்தும் மின்னணுப் பாகங்களைச் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்றில் அவள் பரிசோதகர். இப்போதைய வண்டிகளில் இன்ஜினுக்கென்று ஒரு மூளைப் பெட்டி இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி. எப்போது எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்வது அதுதான். அது செத்தால் வண்டி இருக்கிற இடத்தில் நின்றுவிடும். வண்டியைச் செய்த கம்பெனி, பழைய மாடல்களுக்கு அந்தப் பெட்டியைச் செய்வதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு வெளிக் கம்பெனிகள் அதே அளவில் செய்து விற்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே சிலதில் ஒழுங்கான வேலை இருக்கும், சிலதில் அநியாயம் இருக்கும். எதில் எது என்று திறந்து பார்த்துச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம்.

அப்படிச் சோதனைக்கு வந்ததுதான் அந்தப் பெட்டியும். ஒரு வெளிக் கம்பெனி, சந்தைக்கு விடுவதற்கு முன்னால் அனுப்பியிருந்தது. மூடியைக் கழற்றி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தவள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டாள். பாகங்களை மின்சுற்றுப் பலகையோடு பற்றவைத்த சால்டர் ஒவ்வொரு இடத்திலும் பளபளவென்று ஒரே சாய்வாக வழிந்து உட்கார்ந்திருந்தது. ஈரம் புகாமலிருக்கப் பூசும் பூச்சு மூலைமுடுக்கு விடாமல் மெல்லிசாகப் படர்ந்திருந்தது. உயரமான கெப்பாசிட்டர்கள் வண்டிக் குலுக்கலில் ஆடி ஒடிந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் காலடியிலும் பசை வைத்திருந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை என்கிற இடுக்கில்கூட வைத்திருந்தார்கள்.

விடுவாளா அவள்? சூட்டுப் பெட்டியில் வைத்து வாட்டினாள். வாட்டிய சூட்டோடு எடுத்துக் குளிரில் போட்டாள். குலுக்கு மேசையில் கட்டிவைத்துக் குலுக்கினாள். கடைசியில் ஒரு கெப்பாசிட்டரைக் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அதன் கால் அறுந்ததே தவிர சால்டர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. முகம் தெரியாத யாரோ ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்கிற நிறைவு. தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்தால் யாரிடமாவது சொல்லத்தானே தோன்றும்? அன்றைக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு பெட்டி வந்துச்சு. அத்தான் வேன் மாடலுக்குப் போடறதுதான். ரொம்ப நல்லா இருக்கு."

அத்தானின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "என்ன சொன்னே?"

"நல்லா இருக்குன்னேன்."

"உன் வாயாலயா?"

அக்கா எட்டி இவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ஜுரம் ஒண்ணும் இல்லையே" என்றாள். அக்காவின் மகள், விஷயம் புரியாவிட்டாலும், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தானுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுவதுதான் தொழில். சொந்த வேன், பழசு என்றாலும் வீட்டு மாட்டைக் கவனிப்பதுபோலக் கவனித்துக்கொள்வார். காலையில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ரயில் கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முன்சீட்டில் அவருடைய மகள் உட்கார்ந்து, அடுத்து யார் வீடு என்று அதிகாரமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளாகவே வேனின் மூளைப் பெட்டி தகராறு பண்ணிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகினால் ஒருநாள் கிளம்பும், ஒருநாள் முனகும். எந்த வெளிப் பெட்டியை நம்பிப் போடுவது என்று அத்தான் தலையைச் சொறிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் பாராட்டு வந்து விழுந்தது. உலகத்தில் எதையும் நல்லது என்று சொல்லாதவள் ஒன்றை நல்லது என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்! சரக்கு கடைக்கு வந்ததுமே மெக்கானிக்கிடம் சொல்லி வாங்கிப் பொருத்திவிட்டார். தொட்டவுடன் வண்டி கிளம்பியது. அத்தான் அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே இவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சில மாதங்கள் அப்படியே நல்லபடியாகப் போயின.

ஒருநாள் சாயங்காலம் அத்தான் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து இவளிடம் நீட்டினார். "மெக்கானிக் குடுத்தான். வேற யாரோ வண்டியில இருந்து கழட்டினதாம். ஓடிக்கிட்டே இருக்கும்போது பொசுக்குன்னு நின்னுடுமாம், கொஞ்சம் ஆறினா தானாக் கிளம்பிடுமாம். 'உங்க மச்சினிக்குத்தான் இதையெல்லாம் நோண்டிப் பாக்கப் பிடிக்குமே, குடுங்க'ன்னான்."

பைக்குள் இருந்தது அதே பெட்டி. அதே கம்பெனி, அதே ஒட்டுச்சீட்டு.

மறுநாள் சோதனைக் கூடத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே பலகை தெரியவில்லை. தார் ஊற்றியதுபோல விளிம்புவரை கறுப்புப் பசை. பசை ஊற்றுவது ஒன்றும் குற்றமில்லை. நல்ல கம்பெனிகளும் ஈரத்துக்காக ஊற்றுவதுண்டு. ஆனால் அவள் கையெழுத்துப் போட்ட பெட்டியில் இந்தக் கறுப்புப் பசை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பசையைக் கரைக்கும் திராவகத்தில் ஊறவைத்து, பல் குச்சியால் சுரண்டி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாள். அதற்குச் சில நாள் பிடித்தது. போகப் போக முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சிப்புகளின் மேலிருந்த எழுத்துக்களை உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள்; எங்கிருந்து பிடுங்கியவையோ. கெப்பாசிட்டர்களின் காலடியில் ஆடாமல் பிடிக்கும் பசை இல்லை. சால்டர் மங்கலாக, தொட்டும் தொடாமலும் இருந்தது. அதில் மயிரிழை மயிரிழையாக விரிசல். சூடு ஏறினால் மேலே ஊற்றிய பசை விரிந்து எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும், விரிசல் வாயைத் திறக்கும், இன்ஜின் நிற்கும். ஆறினால் விரிசல் மூடிக்கொள்ளும், வண்டி ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். மெக்கானிக் எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது.

அவளிடம் வந்தது சோதனைக்கென்றே செய்த பெட்டி. கடைக்குப் போனது வேறு. அந்தப் பொறுப்பான கை, அவள் பார்ப்பாள் என்பதற்காக மட்டும் பொறுப்பாக இருந்திருக்கிறது. அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, அத்தானின் வேன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்ஜின் ஓட்டத்திலேயே நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் விறைத்துவிடும். அது ரயில் கேட்டுக்கு நடுவில் நின்றால்? முன்சீட்டில் யார் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள். நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர். எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம என்ன எழுதிக் குடுத்தோம்? அவங்க அனுப்பின பெட்டி தேறிச்சுன்னுதானே. அது உண்மைதானேம்மா."

"கடையில இருக்கறது அது இல்ல சார்."

"சரி, அவங்களுக்கு எழுதறேன். என்ன பதில் வரும்னு இப்பவே சொல்லட்டுமா? 'எங்க பேருல யாரோ போலி விக்கறாங்க, இது எங்க சரக்கே இல்ல'ம்பாங்க."

"பொய் சொல்லுவாங்க."

"பொய்யின்னு உன்னால காட்ட முடியுமா? நிஜமாவே போலியாக்கூட இருக்கலாம் இல்லையா?"

அவளால் காட்ட முடியாது. இருக்கலாம்தான். நகலுக்கும் நகல் செய்கிற உலகம் இது. மேலாளர் சொன்னபடி எழுதினார்; அவர் சொன்னபடியே பதிலும் வந்தது, மிகுந்த மரியாதையோடு. பிறகு அவரும் கையை விரித்தார், பாவம், அவர் வேறு என்ன செய்வார்?

வீட்டில் சொன்னாள். அங்கே வேறு கூத்து.

"ஆரம்பிச்சுட்டா" என்றாள் அக்கா. "என்னடா, வாயாலே ஒரு நல்ல வார்த்தை வந்துச்சேன்னு பாத்தேன்."

"அக்கா, அன்னிக்கு நான் பாத்தது வேற பெட்டி. வேன்ல இருக்கறது வேறயா இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அத்தான் சிரித்தார். "நீ ஆயிரம் தடவை தாங்காதுன்னே, தாங்கிச்சு. ஒரே ஒரு தடவை நல்லா இருக்குன்னே. அதையாவது நாங்க நம்பிக்கிறோமே, விடேன்!"

அவள் வாழ்க்கை முழுதும் சொன்ன குற்றங்குறைகள் எல்லாம் ஒருபக்கம் குவிந்து கிடந்தன, அவற்றுக்கு மதிப்பில்லை. தப்பித்தவறி வாயிலிருந்து விழுந்த ஒரு பாராட்டை மட்டும் அந்தக் குடும்பம் நகைபோலப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பார்களா? அவள் அழுதாள். அவள் அழுது பழக்கமில்லாத வீடு அது. அத்தான் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி சரி, அழாதே. ஞாயித்துக்கிழமை கழட்டித் தரேன், பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே வைத்துத் திறந்தார்கள். மூடிக்கு அடியில் கறுப்பு.

அக்கா மகள் விரலால் தொட்டுப் பார்த்து, "சாக்லேட் மாதிரி இருக்கு" என்றாள்.

பசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கரைக்க வேண்டும். கரைத்தால் பெட்டி போய்விடும். அவளுடைய தொழிலில் இதுதான் பெரிய கொடுமை: திறந்து பார்த்த பெட்டி ஓடாது, ஓடுகிற பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. மேலாளரைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். அவர் விடுமுறை நாளென்றும் பாராமல் வந்து கூடத்தைத் திறந்து, எக்ஸ்ரே இயந்திரத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். படத்தில் சால்டருக்குள் குமிழி குமிழியாக ஓட்டைகள் தெரிந்தன. அந்தச் செத்த பெட்டியைச் செய்த அதே கைதான் இதையும் செய்திருக்கிறது. அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விரிசல் விழுந்துவிட்டதா என்று படம் சொல்லாது. அவ்வளவு மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அத்தான் வேனின் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை கேலி இல்லை.

"சரி. எப்ப நிக்கும்?"

"தெரியாது அத்தான்."

"நாளைக்கா?"

"நாளைக்கும் நிக்கலாம். அடுத்த வருஷமும் நிக்கலாம்."

"நிக்காமலே ஓடிட்டாலும் ஓடிடும்?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஓடலாம்."

அக்கா பொறுமை இழந்தாள். "அப்புறம் எதுக்குடி வயித்துல புளியைக் கரைக்கறே? நிக்கும்னா நிக்கும்னு சொல்லு, இல்லேன்னா சும்மா இரு! வேனை நிறுத்தினா பள்ளிக்கூடத்துல ஒரு நாள் பொறுப்பாங்களா? வேற ஆளைப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

"நீ சும்மா இரு" என்று அக்காவை அடக்கிவிட்டு, அத்தான் இவளை நேராகப் பார்த்தார். "எனக்கு இந்தப் பசை, ஓட்டை எல்லாம் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல்லு. ஓட்டாதீங்கன்னா ஓட்டலை. அவ்வளவுதான்."

இத்தனை வருஷமாக ஒருவராவது தன் பேச்சைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியவள்தான். கேட்கிறேன் என்று ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்ததும் சொல்லப் பயமாக இருந்தது. இதற்கு முன்னால் அவள் தாங்காது என்று சொல்லி யாருடைய பிழைப்பும் போனதில்லை. யாரும் மதிக்காததால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்கா மகள் முன்சீட்டில் ஏறி, இல்லாத பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இவள் சொன்னாள்.

"ஓட்டாதீங்க அத்தான்."

அவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சொன்ன சொல் தவறாத மனிதர். வேனுக்கு அன்றைக்கே உறை போட்டுவிட்டார்.

அசல் பெட்டிக்கு அலையாத இடமில்லை. கம்பெனியில் அந்த மாடலை மறந்தே போயிருந்தார்கள். பழைய வண்டி உடைக்கிற இடங்களில் ஒன்றிரண்டு அகப்பட்டன, ஆனால் அவை தாம் பிறந்த வண்டியின் சாவியை மட்டும்தான் அடையாளம் காணும், அத்தானின் சாவியை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேறு வெளிக் கம்பெனிப் பெட்டி? அதையும் இவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்குத் திறக்க வேண்டும். திறந்து பார்த்து நல்லது என்றே சொன்னாலும், கடையிலிருந்து வாங்கிப் பொருத்துகிற அடுத்த பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தன் கண்ணையே நம்ப முடியாமல் போனவளிடம் யாரும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அக்கா சொன்னதுபோலவே பள்ளிக்கூடம் பொறுக்கவில்லை. வாரம் திரும்புவதற்குள் வேறு வேன் ஏற்பாடாகிவிட்டது. அத்தான் யாருடைய பார்சல் வண்டிக்கோ டிரைவராகப் போகத் தொடங்கினார். போகும்போதும் வரும்போதும் உறைபோட்ட வேனை ஒருமுறை தடவிவிட்டுப் போவார். இவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அக்கா இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. பிள்ளைகள் அந்தப் பெட்டியோடு ரயில் கேட்டைக் கடக்கவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

முதல் சில நாட்கள் அத்தானே மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். பார்சல் வேலைக்கு நேரமாகிறது என்பதால், அவளையும் புது வேனிலேயே அனுப்புவது என்று முடிவாயிற்று. அந்தக் காலையில் அத்தானும் இவளும் பிள்ளையைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேன் வந்து நின்றது. அத்தானின் வேன் மாடல்தான், நிறம் மட்டும் வேறு. உள்ளிருந்து பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அக்கா மகள் தாவி ஏறி, ஒரு சினேகிதி பை வைத்துப் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

புது வேன்காரர் கலகலப்பான ஆள். இறங்கி வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. கூப்பிட்டாங்க, வந்தேன்." பிறகு இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "மேடம், நீங்கதானே அந்த லேப் மேடம்? உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

"எதுக்கு?"

அவர் வண்டியின் முகப்பைத் தட்டினார். "என் பெட்டியும் போயிடுச்சு மேடம். எதைப் போடறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். அண்ணன்தான் மெக்கானிக் ஷெட்ல வெச்சுச் சொன்னாரு, 'கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடு, எதையுமே நல்லா இருக்குன்னு சொல்லாத எங்க வீட்டுப் பொண்ணே நல்லா இருக்குன்னு சொல்லிருக்கு'ன்னு. எனக்கு மட்டுமா சொன்னாரு? அங்க வர்ற எல்லாருக்கும் சொன்னாரு. நிறையப் பேரு போட்டிருக்கோம். வண்டி சும்மா பறக்குது!"

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். பெருமையில் பேசியிருக்கிறார்; கேட்டவர்கள் வாங்கிப் போட்டும் விட்டார்கள் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிகிறது. பெருமைப்படுகிற அளவுக்கு அவளை அவர் மதித்திருக்கிறார் என்பது அவளுக்கு இப்படியா தெரியவர வேண்டும்?

"அதை எடுத்துடுங்க" என்றாள். "அந்தப் பெட்டி சரியில்ல. நான் பாத்தது வேற. இது ஓட்டத்துலயே நின்னுடும்."

வேன்காரரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "நிக்குமா? எப்ப மேடம்?"

"தெரியாது."

"இதுவரைக்கும் ஒரு தடவைகூட நிக்கலையே?"

"நிக்கலாம்."

அவர் அத்தானை ஒரு பார்வை பார்த்தார். தொழில் கைவிட்டுப் போன வீட்டுக்காரர்கள், எதிராளி வண்டியைக் குறை சொல்லாமல் என்ன செய்வார்கள் என்று அந்தப் பார்வை சொல்லியது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. "சரிங்க மேடம், மெக்கானிக்கிட்டக் கேட்டுப் பாக்கறேன். பசங்களுக்கு நேரமாச்சு" என்று ஏறி உட்கார்ந்தார்.

அவள் உள்ளே கையை நீட்டி அக்கா மகளைப் பிடித்து இறக்கினாள். பிள்ளை திமிறியது. "ஏன் சித்தி? ஏன் சித்தி?" சினேகிதி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வேன் புறப்பட்டது. மற்ற பிள்ளைகளை அவள் எந்த உரிமையில் இறக்குவாள்? தெருவே பார்க்க வேனுக்குக் குறுக்கே படுக்கலாம். படுத்தால் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள்.

"அவங்க எல்லாரும் போறாங்களே சித்தி" என்றாள் பிள்ளை.

மூவரும் நடந்தார்கள். அத்தான் அன்றைக்கு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள், ஓரமாக ஒரு வேன் நிற்கிறதா, கூட்டம் கூடியிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். ரயில் கேட்டில் தண்டவாளம் காலியாக இருந்தது. அத்தான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு, "நான்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல" என்று முணுமுணுத்தார். அவளும் அதைத்தான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். "பெட்டி சரியில்லேன்னு உங்க லேப்ல எழுதிக் குடுப்பாங்களா? இன்னிக்கே வேனை நிறுத்திடறேன்" என்றார். எழுதிக் கொடுக்க மாட்டார்கள். யாரும் சோதிக்கச் சொல்லி அனுப்பாத பெட்டியைப் பற்றி அந்தக் கூடம் எதுவும் எழுதாது. அந்தப் பெட்டியைப் பற்றி இதுவரை எழுத்தில் இருப்பது அவள் கையெழுத்துப் போட்ட 'தேறியது' ஒன்றுதான். "அப்போ நான் எதை வெச்சும்மா நிறுத்துவேன்?" என்று தலைமையாசிரியை கேட்டதில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

வெளியே வந்தபோது வேன் பள்ளிக்கூட வாசலில் காலியாக நின்றுகொண்டிருந்தது. வேன்காரர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கோப்பையைத் தூக்கிக் காட்டி, மனதில் எந்தக் கபடும் இல்லாமல் சத்தமாகச் சொன்னார்.

"பாத்தீங்களா மேடம், பத்திரமா வந்து சேந்துட்டோம்!"

அவள் தலையை ஆட்டினாள். வழியெல்லாம் அவள் வேண்டிக்கொண்டு வந்ததும் அதைத்தானே. சாயங்காலமும் இப்படியே வந்து சேர வேண்டும், நாளைக்கும், அதற்கடுத்த நாளும். வந்து சேரச் சேர அவள் சொன்னதை யாரும் நம்பப்போவதில்லை. ஒரே ஒரு நாள் வந்து சேராவிட்டால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். தான் சொன்னது தப்பாகவே போகட்டும், சாகும்வரை எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் வேன் கிளம்பும்வரை அந்த வாசலிலேயே நிற்பது என்று நின்றுவிட்டாள். நின்று என்ன செய்யப்போகிறாள் என்று அத்தான் கேட்கவில்லை, பக்கத்தில் வந்து அவரும் நின்றுகொண்டார்.